பலகையை மறைக்கிற ஆள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் பெரும்பாலும் பொய்தான் சொல்வேன். டேட்டா என்ட்ரி என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் போச்சு. "மேட்ச் பார்க்கச் சம்பளமா? கொடுத்து வெச்சவங்க நீங்க!" என்று ஆரம்பித்து, போன வாரம் அந்தப் பெனால்ட்டி கொடுத்தது நியாயமா என்பதில் வந்து நிற்பார்கள். எனக்கு எந்தப் பெனால்ட்டியும் தெரியாது. யார் ஜெயித்தார்கள் என்றுகூடத் தெரியாது. பதினோரு வருஷமாக வாரத்துக்கு ஏழெட்டு மேட்ச் பார்க்கிறேன். பந்து என்ன நிறம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் பார்ப்பது விளம்பரப் பலகையை. மைதானத்தைச் சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அதை. பிறகு சட்டை மார்பு, கார்ப் பந்தயக்காரனின் ஹெல்மெட், பரிசு கொடுக்கும் மேடையின் பின்திரை. காசு கொடுத்த கம்பெனியின் பெயர் டி.வி.யில் மொத்தம் எத்தனை நொடி தெரிந்தது என்று எண்ணிச் சொல்வதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். நொடிக்கு இவ்வளவு என்று அதற்கு ஒரு விலை உண்டு. அதைப் போடுவது மேலே இருப்பவர்கள். நான் எண்ணுவதோடு சரி.

விதிகள் எளிமையானவை. பெயரில் முக்கால் பங்காவது தெரிய வேண்டும். கலங்கலாக இருக்கக் கூடாது. ஒரு முழு நொடியாவது நிற்க வேண்டும். தெரிய ஆரம்பித்ததும் ஒரு பொத்தான், மறைந்ததும் இன்னொரு பொத்தான். முதல் சுற்றை இப்போது கம்ப்யூட்டரே எண்ணிவிடுகிறது. ஆனால் ஓர் ஆள் குறுக்கே நின்று பாதிப் பெயரை மறைத்தால் அதற்குத் தலைகால் புரியாது. முழுசாகத் தெரிந்ததாக எழுதி வைத்துவிடும். அதைத் திருத்துவதற்காக நாங்கள் ஒன்பது பேர் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், கனத்த திரை போட்ட அறையில் உட்கார்ந்திருக்கிறோம். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். வர்ணனை செய்பவர் கத்தினால் கண் பந்தின் பக்கம் போய்விடும், எண்ணிக்கை தவறிவிடும். கீழேயிருந்து வரும் ரப்பர் வாசனை பழகிப்போய், லீவு நாளில் அது இல்லாமல் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

எங்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் ஒரு பியர் கம்பெனி. மனிதர்கள் எங்கெல்லாம் கூட்டமாகக் கூடிக் கத்துகிறார்களோ அங்கெல்லாம் அவர்கள் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். கால்பந்து, கார்ப் பந்தயம், ரக்பி, டென்னிஸ், படகுப் போட்டி, ஒன்றையும் விடவில்லை. கார்ப் பந்தயத்தில் 'குடித்துவிட்டு ஓட்டாதீர்கள்' என்ற உபதேசமும் அவர்கள் செலவுதான். அவர்கள் பெயருக்குக் கீழேயே ஓடும். பியர் விளம்பரத்துக்குத் தடை இருக்கிற நாட்டில் அதே பெயர், அதே பச்சை, ஓரத்தில் ஒரு பூஜ்யம் மட்டும் கூடுதலாக இருக்கும். போதை இல்லாத பியராம். அதற்கும் தடை என்றால் அதே பெயரில் சோடா. ஆள் ஒருத்தன்தான், சட்டைதான் வேறு. நாங்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு எண்ணுவோம்.

"குடிக்கிறவன் வாய்க்குப் போறதுக்கு முன்னாடி அவன் கண்ணுக்குப் போகணும்மா," என்பார் எங்கள் மேனேஜர். அவர் ஒரு சொட்டு குடிக்காதவர். அலுவலகத்தில் டீ கூடப் பாதி கிளாஸ்தான்.

இந்தக் கம்பெனி எங்கள் ஊரின் இரண்டாம் டிவிஷன் கால்பந்து கிளப் ஒன்றுக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய உலகக் கணக்கில் அது கோப்பையிலிருந்து வழிந்த நுரை. கிளப்புக்கோ அதுதான் மூச்சு. மூன்று வருஷ ஒப்பந்தம், இது கடைசி வருஷம். புதுப்பிக்க வேண்டுமானால், டி.வி.யில் காட்டும் பதினான்கு மேட்ச்களில் ஒரு பக்கக் கோல் வலைக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் பலகை மொத்தம் எட்டாயிரத்து நானூறு நொடி தெரிந்திருக்க வேண்டும். நிபந்தனை கிளப்புக்குத் தெரியும். எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்பது, சீசன் முடிந்து எங்கள் அறிக்கை போகும்வரை யாருக்கும் தெரியக் கூடாது.

அந்த ஃபைலைப் பார்த்துவந்த பெண் எட்டு மேட்ச் முடிந்ததும் பிரசவ லீவில் போனாள். ஃபைல் என் மேஜைக்கு வந்தது.

அந்தக் கிளப்பின் கோல்கீப்பர் என் தம்பி.

அப்போதே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் வேறு ஆளிடம் கொடுத்திருப்பார், இந்தக் கதையே இல்லை. எனக்கு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

தம்பியை மைதானத்தில் எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடி நாலு அங்குலம். முப்பத்தைந்து வயது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டால் அவனுக்கு வேறு தொழில் கிடையாது. சீசனோடு அவன் ஒப்பந்தமும் முடிகிறது. பியர் கம்பெனி இருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஆடலாம், அதற்கப்புறம் கீப்பர்களுக்குக் கோச்சாக வைத்துக்கொள்கிறோம் என்று கிளப்பில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். கம்பெனி போய்விட்டால் சம்பளத்துக்கு ஆள் வைப்பதையே நிறுத்திவிடுவார்கள். அவன் மனைவி மருந்துக் கடையில் நிற்கிறாள். ஏழு வயதில் ஒரு பெண். அவனுக்கு அந்த ஒரு வருஷமும் அந்தக் கோச் வேலையும்தான் எல்லாம்.

ஃபைலைத் திறந்தேன். எட்டு மேட்சுக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து நொடி. நாலாயிரத்து எண்ணூறு இருந்திருக்க வேண்டும். எங்கே ஓட்டை என்று தேடினேன். ஒரு பாதி ஆட்டத்தில் எதிரணிக் கீப்பர் அந்தப் பக்கம் நிற்கிறான். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பக்கம் மாறி என் தம்பி வந்ததும் நொடிகள் பொத்தென்று விழுகின்றன. கேமரா இருக்கிற கோணத்தில், அவன் கோலுக்கு நடுவில் நின்றால் அந்த நெட்டை உடம்பு பெயரின் கடைசி இரண்டு எழுத்தையும் சரியாக மறைக்கிறது. ஐந்து எழுத்தில் மூன்று தெரிந்தால் முக்கால் பங்கு ஆகாது. எண்ணிக்கையில் சேராது. தன் பிழைப்புக்குக் குறுக்கே தானே நந்தி மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்காரக்கூட இல்லை.

"ஏன்டா அந்த இடத்துலயே போய் நிக்கிறே?"

"எந்த இடத்துல?"

"கோலுக்கு நடுவுல."

அவன் மனைவி தண்ணீர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள். "அண்ணி, அதுக்குத்தான் அவருக்குச் சம்பளமே!"

நான் சிரிக்கவில்லை. சொல்லக் கூடாத எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாயிரத்து நானூறு, நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து, மறைகிற இரண்டு எழுத்து. உப்பு டப்பாவைக் கோலாகவும் கரண்டியைப் பலகையாகவும் வைத்து, அவன் டம்ளரைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்திக் காட்டினேன்.

"இவ்ளோதான். ஒரு அடி."

"ஒரு அடியா?" டம்ளரையே பார்த்தான். "உனக்கு ஒரு அடி. எனக்கு அந்த ஒரு அடியில ஒரு கோல் போயிடும்க்கா."

"ஆட்டம் நடக்கிறப்ப வேண்டாம்டா. நிக்கிறப்ப மட்டும். யாராவது அடிபட்டு விழுந்தா, தண்ணி குடிக்கிறப்ப, மூலையிலேர்ந்து கார்னர் அடிக்கிறதுக்கு முன்னாடி. கார்னர்னா கேமரா முப்பது, நாப்பது செகண்ட் உன் மேலயே நிக்குது. அதுதான் பெரிசு."

"கார்னர்லதான் இடம் ரொம்ப முக்கியம்."

"அவன் அடிக்கிற வரைக்கும்தானே? அடிச்சதும் உன் இடத்துக்கு வந்துடு."

"அதுக்கெல்லாம் நேரம் இருக்காதுக்கா."

"ஒரு அடிக்கு எவ்ளோ நேரம்டா ஆகும்? உன் கால் நீளத்துக்கு!"

அவன் டம்ளரைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான். பிறகு மறுபடி நான் வைத்த இடத்துக்கே கொண்டுவந்தான். சின்ன வயதில் நடைபாதையில் அவனை நிறுத்திவைத்துச் சுருட்டிய சாக்ஸை வீசியவள் நான். எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று கூடவே கத்தவும் செய்வேன். நான் சொன்ன பக்கம் பாய்ந்து பழகியவன்.

"செஞ்சா நிச்சயம் கிடைச்சுடுமா?" என்று அவன் மனைவிதான் கேட்டாள்.

"கணக்கு அப்படித்தான் சொல்லுது," என்றேன்.

அடுத்த மேட்சில் அறுநூற்று நாற்பது நொடி. அதற்கடுத்து எழுநூற்று இரண்டு. அறுநூற்று ஐம்பத்தைந்து. எழுநூற்று முப்பத்தொன்று. நான் மேஜையில் உட்கார்ந்தபடியே ஆடாத குறைதான். கார்னருக்கு முன்னால் அவன் நகர்வதையும் ஐந்து எழுத்தும் பளிச்சென்று தெரிவதையும் பார்க்கும்போது, சொன்னபடி கேட்கிற ஒரே ஆண்பிள்ளை உலகத்தில் என் தம்பிதான் என்று பெருமையாக இருந்தது. ரீப்ளேக்களும் நிறைய வந்தன. ஸ்லோ மோஷனில் பலகை நன்றாக நிற்கும், நொடி நொடியாக அள்ளலாம். ரீப்ளே என்றால் பட்டியலில் 'ஆர்' என்று குறிக்க வேண்டும். ஆர், ஆர், ஆர் என்று குறித்துக்கொண்டே போனேன். ரீப்ளே எதற்காகப் போடுகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் நான் மனுஷி.

ஒவ்வொரு தடவையும் எண்ணி முடித்ததும் மாடிப்படியில் நின்று அவனுக்குப் போன் போடுவேன்.

"எழுநூத்தி முப்பத்தொண்ணுடா! நீ ராஜா!"

"சரிக்கா."

"அப்படியே நில்லு, மாத்தாதே."

"சரிக்கா."

குரலில் சுருதி இறங்கிக்கொண்டே போனது. வயது, அலுப்பு, சீசன் கடைசி என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். வீட்டில் யாரும் மேட்ச் பற்றிப் பேசக் கூடாது, ஆபீசில் பார்ப்பது போதும் என்று பல வருஷத்துக்கு முன்பே நான் சட்டம் போட்டிருந்தேன். எல்லோரும் அதை மதித்தார்கள். என் கணவருக்குச் செஸ்தான் விளையாட்டு.

பதின்மூன்றாவது மேட்சில் அறுநூற்றுத் தொண்ணூறு வந்தது. மொத்தம் ஏழாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு. மிச்சம் ஒரே ஒரு மேட்ச், வேண்டியது அறுநூற்று எழுபத்திரண்டு. பக்கத்து மேஜை சோடாபுட்டி என் திரையை எட்டிப் பார்த்தான். கண்ணாடியின் கனத்தை வைத்து அவனுக்கு அந்தப் பெயர். எங்கள் அறையில் திருட்டுத்தனமாகப் பந்தைப் பார்க்கிற ஒரே ஆள் அவன்தான்.

"எப்படி மேடம் திடீர்னு இவ்ளோ ஏறுது?"

"கீப்பர் கொஞ்சம் தள்ளி நிக்கிறான். பலகை தெரியுது."

"கீப்பரா? அந்த நெட்டையா?" அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அவன் தள்ளி நிக்கிறதால இல்ல மேடம், கோல் வாங்குறதால. கடைசி அஞ்சு மேட்ச்ல பதினொண்ணு. கோல் விழுந்தா நாலு ரீப்ளே. பியர் கம்பெனிக்காரன் அவனுக்குக் கோயில் கட்டணும்!"

"பதினொண்ணுன்னா அதிகமா?" என்று கேட்டேன். பதினோரு வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு நான் கேட்ட கேள்வி அது.

"முதல் எட்டு மேட்சுக்கு அவன் வாங்கினது அஞ்சு. இப்ப கார்னர்னாலே கோல்தான். ஆள் இடம் தெரியாம நிக்கிறான். வயசாச்சு, பாவம்."

அவன் போன பிறகு ஐந்து மேட்சையும் மறுபடி ஓட்டினேன். இந்த முறை பந்தைப் பார்த்தேன். சோடாபுட்டி சொன்னது முழுக்கச் சரியில்லை. பதினொன்றில் மூன்று யார் நின்றிருந்தாலும் விழுந்திருக்கும். எட்டு என்னுடையது. கார்னர் அடிக்கப்படுகிறது, பந்து இடது கம்பத்தை நோக்கி வளைகிறது, என் தம்பி வலது பக்கத்திலிருந்து பாய்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் அங்கே ஒரு 'ஆர்' போட்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மாடிப்படியில் நின்று போன் போட்டேன்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"என்னத்தை?"

"பதினோரு கோல்!"

"நீ பார்த்துக்கிட்டுதானேக்கா இருக்கே," என்றான். "எவ்ளோ கோல் வாங்கினாலும் செகண்ட்தான் முக்கியம்னு முடிவு பண்ணித்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

சத்தம் போட்டேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நன்றாக வேலை செய்யும். "போதும்டா. கடைசி மேட்ச்ல உன் இடத்துல நில்லு. கணக்கு எக்கேடு கெட்டாவது போகட்டும்."

"இன்னும் எவ்ளோ வேணும்?"

"அது எதுக்கு உனக்கு?"

"எவ்ளோக்கா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். "அறுநூத்தி எழுபத்திரெண்டு."

"சரி," என்று போனை வைத்துவிட்டான்.

கடைசி மேட்சின் பதிவு திங்கட்கிழமை காலை வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ஒரு பக்கம் நொடிகளை எண்ணிக்கொண்டே இன்னொரு பக்கம் பந்தையும் பார்த்தேன். இரண்டும் சேர்ந்து வராது, ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருந்தது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் தம்பி பலகைப் பக்கம் வந்தான். எழுபதாவது நிமிஷம் வரை இரண்டு கார்னர். இரண்டுக்கும் கோலின் நடுவில்தான் நின்றான், இரண்டையும் கைக்குள் அடக்கினான். எனக்கு ஒரு நொடிகூடத் தரவில்லை. நான் மேஜையைத் தட்டிய சத்தத்தில் சோடாபுட்டி திரும்பிப் பார்த்தான்.

எண்பத்து மூன்றாவது நிமிஷம். எண்ணிக்கை ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டில் நிற்கிறது. அவனிடம் எண்ணிக்கை கிடையாது. ஆனால் பலகை சரியாகத் தெரியவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். இன்னொரு கார்னர். எதிரணிக்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கிறான். தம்பி கோலின் நடுவில் நிற்கிறான். பிறகு தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறான். எந்தக் கீப்பரும் கார்னருக்கு முன்னால் பின்பக்கம் பார்க்க மாட்டான், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. என் தம்பி பார்த்தான். பார்த்துவிட்டு வலது பக்கம் ஒரு அடி நகர்ந்தான். ஐந்து எழுத்தும் தெரிந்தன. என் விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

பந்து இடது கம்பத்துக்கு வந்தது. பாய்ந்தான். வலை குலுங்கியது. நாலு கோணத்தில் ரீப்ளே போட்டார்கள், எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றோரு நொடி. அதற்குப் பிறகு ஒரு பதினான்கு. ஆக மொத்தம் எட்டாயிரத்து நானூற்று முப்பத்தொன்று. அந்தக் கோல் மட்டும் விழாமல் இருந்திருந்தால் எட்டாயிரத்து நானூறுக்கு அறுபது நொடி குறைந்திருக்கும்.

உள்ளதை உள்ளபடி எழுதி அறிக்கையைக் கொடுத்தேன். எண்ணிக்கையில் ஒரு நொடிகூடப் பொய் கிடையாது.

மூன்றாவது வாரம் கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. தொகையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மேனேஜர் அன்றைக்கு முழு கிளாஸ் டீ குடித்தார். அதற்கடுத்த வாரம் கிளப்பில் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார்கள். கையில் பணம் வந்துவிட்டதாம், இனி கிளப்பை உயர்த்த வேண்டுமாம். முதல் வேலையாக இருபத்து மூன்று வயதில் ஒரு கோல்கீப்பரை வாங்குகிறார்கள். கடைசி ஆறு மேட்சில் பன்னிரண்டு கோல் விட்டவரை வைத்துக்கொள்ள முடியாதாம். புதுப் பையன் தன் கோச்சையும் கையோடு கூட்டிவருவதால் அந்த வேலையும் இல்லை. கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலமே அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் கதவைத் திறந்ததும், "எல்லாம் என்னாலதான்டா," என்றேன்.

"உன்னால ஒண்ணும் இல்லக்கா. உள்ள வா."

"நான் சொல்லாம இருந்திருந்தா..."

"அந்தக் கடைசி பந்தைத்தானே சொல்றே? நான் எங்க நின்னிருந்தாலும் அது எட்டியிருக்காது. வயசாயிடுச்சுக்கா. அவ்வளவுதான்." சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மனைவி எனக்கு டீ வைத்துக் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை.

நான் அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. பத்து நாள் நன்றாகத் தூங்கினேன்.

பதினோராவது நாள் மேனேஜர் வந்து, கம்பெனியின் வருஷாந்தரப் புத்தகத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றார். உலகம் முழுக்க அவர்கள் பணம் போட்ட இடங்களிலிருந்து ஒவ்வொரு படம். எங்கள் ஊர்க் கிளப்பிலிருந்தும் ஒன்று. "பேரு பளிச்சுன்னு இருக்கணும்மா, ஆக்‌ஷனும் இருக்கணும்." தேட வேண்டிய அவசியமே இல்லை. கடைசி கோலின் மூன்றாவது ரீப்ளேயில் ஒரு ஃப்ரேம் இருந்தது. ஐந்து எழுத்தும் கண்ணாடி மாதிரி தெளிவு. அதற்கு முன்னால் காற்றில் படுத்த மாதிரி என் தம்பி, கை முழுசாக நீண்டிருக்கிறது, பந்து அவன் விரலைக் கடந்து போகிறது.

படத்தைப் பெரிதாக்கி வெட்டும்போது அளவுக்கோடு தானாக வந்து நின்றது. அளப்பது எங்கள் கைப்பழக்கம். எழுத்தின் உயரம் எத்தனை, பலகை எத்தனை சதவீதம் என்று எதையாவது அளந்துகொண்டே இருப்போம். கோடு அவன் விரல்நுனியில் இருந்தது. பந்து வரைக்கும் இழுத்தேன். பந்தின் பக்கத்திலேயே கம்பம். கம்பத்தின் அகலம் எல்லா மைதானத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். விரலுக்கும் பந்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு கம்பத்தின் அகலம். நாலைந்து அங்குலம். அவன் நகர்ந்தது ஒரு அடி.

மூன்று தடவை அளந்தேன். வேறு ரீப்ளேயில், வேறு கோணத்தில் அளந்தேன். வித்தியாசமே இல்லை. படத்தை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு அரை நாள் லீவு போட்டேன்.

நான் போனபோது அவன் வாசலுக்கு உள்பக்கம் தரையில் உட்கார்ந்து மகளின் பள்ளி ஷூக்களுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றை முடித்து வைத்திருந்தான், இன்னொன்று கையில். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"எட்டியிருக்கும்டா," என்றேன்.

எதைச் சொல்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. பிரஷை நிறுத்தாமல், "தெரியும்க்கா," என்றான்.

"எப்படித் தெரியும்?"

"கீப்பருக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா பொய் சொன்னே?"

"நீ முகத்தை அப்படி வெச்சுக்கிட்டு வந்து நின்னே. வேற என்ன சொல்லச் சொல்றே?"

நான் அழுதேன். பேசாமல் அழுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவனையும், பியர் கம்பெனியையும், கிளப்பையும், என்னையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அழுதேன். அவன் முடிகிற வரைக்கும் காத்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்த ஆறு மேட்சையும் செகண்ட் செகண்டா நிறுத்திப் பார்த்திருக்கே. வேற யாரும் என்னை அவ்ளோ பார்த்திருக்க மாட்டாங்க." ஷூவைத் திருப்பிக் குதிகால் பக்கம் பார்த்தான். "மத்தபடி நான் எப்படி ஆடினேன்?"

நல்லா ஆடினே என்று சொல்லியிருக்கலாம். அவன் எனக்காகச் சொன்ன பொய்க்குப் பதிலாக அந்த ஒரு பொய்யையாவது நான் சொல்லியிருக்கலாம். அவன் நின்ற இடம் எனக்குத் தெரியும், அவன் மறைத்த எழுத்து தெரியும், அவன் விட்ட பன்னிரண்டு கோலும் தெரியும். அவன் பிடித்த ஒரு பந்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். கடைசி மேட்சில் பிடித்த இரண்டைத் தவிர ஒன்றுமே வரவில்லை. அந்த இரண்டிலும் நான் பந்தைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியலைடா," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கையிலிருந்த ஷூவை முடித்த ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாலீஷ் டப்பாவை மூடினான்.